பூஜ்யத்துக்குக் கீழே

"மைனஸ் மூணையும் மைனஸ் நாலையும் கூட்டுனா ஏழுன்னு மொத்த வகுப்பும் எழுதியிருக்கு டீச்சர்," என்றார் வேதமாணிக்கம்.

முப்பிடாதி டீச்சர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்."

"அதத்தான சார் எழுதியிருக்காங்க."

டீச்சர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

வேதமாணிக்கம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு வேலை கிடைத்ததே நாற்பத்தாறு வயதில்தான். தேர்வெழுதிவிட்டு நெடுங்காலம் காத்திருந்தவர். அதுவரை டியூஷன் சென்டர்களில் கணக்கு நடத்தினார். அங்கே வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே கணக்கு தெரிந்த பிள்ளைகள். கயத்தாறுக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் இந்த நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பை அவரிடம் கொடுத்தார்கள்.

முப்பிடாதி டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். ஆனால் அந்தப் பள்ளியில் கணக்கில் ஒரு சந்தேகம் என்றால் தலைமையாசிரியரே டீச்சரிடம்தான் கேட்பார். வேதமாணிக்கமும் வந்த முதல் வாரமே கூச்சத்தை விட்டுவிட்டார்.

மறுநாள் அவர் வேறு மாதிரி கேட்டார்.

"மைனஸைக் கழிச்சா ஏன் கூடுது? பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

டீச்சர் ஒரு பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் ஏணி மாதிரிக் கட்டங்கள் வரைந்தார். நடுவில் பூஜ்யம். மேலே ஒன்று, இரண்டு, மூன்று. கீழே மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று. பிறகு காகிதத்தைச் சின்னச் சின்னச் சீட்டுகளாகக் கிழித்து, பாதியில் பச்சை மையாலும் பாதியில் சிவப்பு மையாலும் எண்களை எழுதினார்.

விளையாடுவோம் என்றார்.

பச்சைச் சீட்டு வந்தால் காய் அத்தனை கட்டம் ஏறும். சிவப்பு வந்தால் இறங்கும். வந்த சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கையில் இருக்கும் சீட்டுகளின் மொத்தம்தான் காய் நிற்கும் இடம். சீட்டு எடுக்கும் முன் பகடையை உருட்ட வேண்டும். அதில் ஒன்று விழுந்தால், யாருடைய கையிலிருந்தும் ஒரு சீட்டை எடுத்து வெளியே போட்டுவிடலாம். அவ்வளவுதான் விதி.

வேதமாணிக்கத்துக்கு முதலில் பச்சை இரண்டு வந்தது. அப்புறம் சிவப்பு மூன்று. அப்புறம் சிவப்பு ஐந்து. காயாக வைத்திருந்த அவருடைய புளியங்கொட்டை மைனஸ் ஆறில் போய் உட்கார்ந்தது. டீச்சருடைய கொட்டை மேலே ஏறிக்கொண்டே போனது. நாற்பத்தாறு வயதில் இப்படி எரிச்சல் வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பகடையில் ஒன்று விழுந்தது.

அவர் யோசிக்கவே இல்லை. தன் கையிலிருந்த சிவப்பு ஐந்தை உருவித் தரையில் போட்டார். கொட்டையை எடுத்து ஒவ்வொரு கட்டமாக மேலே ஏற்றினார். மைனஸ் ஐந்து, மைனஸ் நாலு, மைனஸ் மூன்று...

பாதியில் கை நின்றது.

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ரெண்டு கட்டம் இருக்கு சார்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதமாணிக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, ஃபிரிட்ஜ் வந்த பெட்டியை வெட்டி அட்டைகள் செய்தார். குழுவுக்கு ஒன்று. பூஜ்யத்துக்கு மேலே பத்து, கீழே பத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வீட்டில் அவர் மனைவி, இத்தனை சந்தோஷமாக நீங்கள் பள்ளிக்கூட வேலை பார்த்து நான் கண்டதில்லை என்றாள்.

திங்கட்கிழமை வகுப்பு இரைந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கரும்பலகைக்கு முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நீ மைனஸ் ரெண்டு இல்லை, மைனஸ் ஏழு, எண்ணிப் பார் என்றார்கள்.

கடைசிக் குழுவில் சந்தனமாரி இருந்தாள்.

முந்தின ஆண்டு பள்ளியை விட்டு நின்றவள். அம்மா வேலைக்குப் போக, வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முப்பிடாதி டீச்சர் திரும்பத் திரும்ப வீட்டுக்கு நடந்து, பேசிக் கூட்டி வந்தார். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். போகச் சொன்னால் போய்விடுவாள்.

அன்றைக்கு அவளுக்குச் சிவப்பாகவே வந்தது. காய் மைனஸ் ஒன்பதில் நின்றபோது இன்னொரு சிவப்பு வந்தது. நாலு. பத்தோடு அட்டை முடிந்துவிட்டது.

எதிரில் இருந்த இசக்கிராஜா, இவள் அவுட்டா என்று அங்கிருந்தே கத்திக் கேட்டான்.

வேதமாணிக்கம் வேறொரு குழுவின் சண்டையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, ஆமாம் அவுட் என்றார்.

சந்தனமாரி சீட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். மணி அடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

வேதமாணிக்கம் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்தார். ஒரு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார். இந்த விளையாட்டே வேண்டாம் என்றார். கரும்பலகையில் தப்பாகப் போட்டாலும் பிள்ளை வகுப்பில் இருந்தது. இப்போது பிள்ளையே இல்லை என்றார். எனக்கு இந்த வேலை வராது, ரொம்பத் தாமதமாக வந்துவிட்டேன், டியூஷனுக்கே போய்விடலாம் என்றுகூட இருக்கிறது என்றார். அவள் கீழேயே போய்க்கொண்டிருந்தாள், அது மனசில் பட்டிருக்கும், தோற்பதற்கு எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும் என்றார்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார்.

பிறகு அந்த அட்டையை வாங்கினார். மேஜையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, குறுக்காக வெட்டினார். கெட்டி அட்டை, கொஞ்ச நேரம் பிடித்தது. கீழ்ப்பாதியை டிராயரில் போட்டு மூடினார்.

மேல்பாதியை மேஜையில் வைத்தார்.

"ஒரு ஆட்டம் போடுவோம் சார்."

வேதமாணிக்கத்துக்கு விளையாடும் மனநிலை இல்லை. மறுக்கவும் முடியவில்லை. காயைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுச் சீட்டு எடுத்தார்.

சிவப்பு இரண்டு.

காயை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது. அட்டைக்குக் கீழே வெறும் மேஜை.

"எங்க வைக்க?" என்றார்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவுட்டா சார்?"

வெளியே பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேதமாணிக்கம் காயைக் கீழே வைக்கவே இல்லை.

"அவ ஒன்பதுல நின்னா," என்றார். "அடுத்து நாலு வந்துச்சு. அட்டை பத்தோட முடிஞ்சுபோச்சு."

"யாரு வரைஞ்ச அட்டை?"

அவர் எழுந்தார். காயை மேஜையில் வைக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மீதிப் பொழுதுக்கு அனுமதி கேட்டுக்கொண்டு, சந்தனமாரி வீட்டுக்குச் சைக்கிளை எடுத்தார்.

ஊர்த் தெரு கண்மாயைப் பார்த்துச் சரிந்து போகும். வெயில் நன்றாக இருந்தது. வழி முழுக்க அவர் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனார். அவளுடைய அம்மாவிடம் என்ன சொல்வது, அவளிடம் என்ன சொல்வது. அழுதால் என்ன செய்வது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றால் என்ன செய்வது. எந்தச் சொல்லும் சரியாக அமையவில்லை.

கண்மாய்ப் பக்கத்துத் தெரு முனையில் சைக்கிள் டயர் ஒரு சாக்பீஸ் கோட்டின்மேல் ஏறியது.

இறங்கிப் பார்த்தார். சிமெண்ட் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு. கட்டத்துக்குள் எண்கள். மைனஸ் முப்பத்தொன்று, மைனஸ் முப்பது, மைனஸ் இருபத்தொன்பது. வீடுகளைக் கடந்து மேடு வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு கோட்டின் ஓரமாகவே நடந்தார்.

மைனஸ் இருபத்தாறில் ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது இருக்கும். கை நிறையக் காலண்டர் அட்டைத் துண்டுகள், எல்லாம் சிவப்பு கிரேயான். முகத்தில் கவலையே இல்லை.

மேலே, ஒரு வீட்டு வாசலில், பூஜ்யம் என்று எழுதிய கட்டத்துக்குப் பக்கத்தில் சந்தனமாரி குந்தியிருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. முன்னால் பகடை.

சாரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

அவர் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். பெரியம்மாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போயிருக்கிறாள், தம்பி தங்கையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், இசக்கிராஜாவிடம் சொல்லி அனுப்பினேன், அவன் சொல்லவில்லையா. சாயங்காலம் அம்மா வந்துவிடுவாள். நாளைக்கு வந்துவிடுவேன்.

வேதமாணிக்கம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். அது சரியாக நிற்கவில்லை. மறுபடி போட்டார்.

அவன் சொல்லவில்லை, பரவாயில்லை என்றார்.

மனசுக்குள் தயார்செய்து வைத்திருந்ததில் ஒன்றுகூட இப்போது வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.

"அன்னைக்கு உன்ன அவுட்டுன்னு சொன்னேன்ல. அது தப்பும்மா."

சந்தனமாரி குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா சார். அட்டைலதான் எடம் பத்தல."

குற்றம் சொல்கிற தொனியே அதில் இல்லை.

அப்போது கீழே நின்ற சின்னவள், இன்னும் எத்தனை நேரம் பேசுவீங்க என்று கத்தினாள். சந்தனமாரி அவளுக்காகப் பகடையை உருட்டினாள். ஒன்று விழுந்தது.

சின்னவள் கையிலிருந்த கத்தையைப் பிரித்துப் பார்த்தாள். அதில் பெரியதாக ஒன்றைத் தேடிப் பிடித்து, தெருவோரம் வீசினாள். சிவப்பு ஏழு. பிறகு வாய்விட்டு எண்ணிக்கொண்டே மேட்டைப் பார்த்து ஓடி வந்தாள். மைனஸ் பத்தொன்பதில் வந்து, மூச்சு வாங்க, இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள்.

பிளஸ், மைனஸ் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் பாடம் நடத்தியிருக்க முடியாது.

வேதமாணிக்கம் கேட்டுவிட்டார்.

"ஏன் மேல வந்தா?"

சந்தனமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சார் விளையாட்டுக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"கைல இருந்த சிவப்பு போயிருச்சுல்ல சார்."

அவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வருகிற சிரிப்பு. அவருக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. கைக்குழந்தை அவரைத் திரும்பிப் பார்த்தது.

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். எனக்கும் சீட்டுப் போடு என்றார். சந்தனமாரி தயங்கினாள். அப்புறம் ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். சிவப்பு எட்டு. அவர் எழுந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, எட்டுக் கட்டம் இறங்கிப் போய் வெயிலில் நின்றார். எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, வாத்தியாரைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போனார்.

அங்கே நின்றபடி தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். கட்டங்கள் கண்மாய்க் கரைக்குச் சற்று முன்னால் நின்றுபோயிருந்தன.

"எது வரைக்கும் போட்டுருக்க?"

"சாக்பீஸ் தீர்ற வரைக்கும் சார்."

"இன்னும் எவ்வளவு தூரத்துக்கு வேணும்?"

சந்தனமாரி மிச்சம் இருந்த சிவப்புச் சீட்டுகளைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். கண்மாய்ப் பக்கம் பார்த்தாள்.

"தெரியல சார். போகப் போகப் போட்டுக்குவோம்."