பனைச்சிக்கு வாய்த்த வாத்தியார்

பனைச்சிங்கிற பேய் தாண்டவராய வாத்தியாரைக் குடுமியோட பிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் பறக்குது, வாத்தியாரு காலை உதைச்சுக்கிட்டு, "யாருடா அங்க சத்தம் போடறது, வாயை மூடு"ங்கிறாரு. சத்தம் போட்டது அவரேதான். கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அண்ணாந்து பாக்குதுங்க. ஒண்ணாவது ஐயோன்னுச்சா? இல்லை. அவர் உள்ளங்கால் மறையறமட்டும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சுங்க, அப்புறம் மாங்காய் அடிக்க ஓடிப்போச்சுங்க. சேதி கேட்ட வாத்தியார் பொண்டாட்டி, "ராத்திரி சோறு மிச்சம்"னு உலையில அரிசியைக் குறைச்சுப் போட்டா.

பேய் எதுக்கு வாத்தியாரைத் தூக்கணும்னு கேக்கறியா? கேளு.

பனைச்சிக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் ஊளையன், நடுவுள்ளவ சிலுப்பி, கடைக்குட்டி பொத்தை. மூணுக்கும் பயமுறுத்தத் தெரியலை. பேய்ப் பிள்ளைங்கன்னா, ஆடி அமாவாசை உச்சி வெயில்ல, எல்லாப் பேயும் கூடியிருக்கிற எடத்துல, பாதையில போற ஒரு மனுஷரையாவது ஓட ஓட விரட்டிக் காட்டணும். காட்டலைன்னா எலுமிச்சம்பழத்துக்குள்ள அடைச்சு ஆத்துல விட்டுடுவாங்க. அமாவாசை கிட்டக்க வந்துடுச்சு. இந்த வட்டாரத்துலயே ஜனங்களை அதிகமா நடுங்க வைக்கிறது யாருன்னு பனைச்சி ஊரெல்லாம் சுத்திப் பாத்தா. மீசை வெச்ச ஆம்பிளைங்க, பேரன் பேத்தி எடுத்தவங்க, வாத்தியார் தலையைக் கண்டா பீடியை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறாங்க. சரி, இவர்தான் நம்ம பிள்ளைங்களுக்கு ஏத்தவர்னு முடிவு பண்ணிட்டா.

பனை உச்சியில கொண்டு போய் வெச்சு, "ஐயா, எம்பிள்ளைங்களைப் பேயாக்கிக் குடுங்க. அமாவாசையில அதுங்க தேறலைன்னா, அதுங்க பழத்துக்குள்ள போகுமுன்னாடி நீங்க என் வயித்துக்குள்ள போயிடுவீங்க"ன்னு மரியாதையாத்தான் சொன்னா. பிள்ளைங்ககிட்டயும், "வாத்தியார் சொல்றதை மட்டும் தட்டக் கூடாது"ன்னு சொல்லிட்டு இரை தேடப் போயிட்டா.

வாத்தியாரு தொண்டையைச் செருமினாரு. "சம்மணம் போட்டு உக்காரு."

பேய்க்குக் கால் பின்னாடி பாத்து இருக்குமில்ல, சம்மணம் எப்படி வரும்? மூணும் ஒண்ணு மேல ஒண்ணு உருண்டுச்சுங்க.

"பயமுறுத்தல் மூவகைப்படும். உருவத்தால், ஓசையால், உபத்திரவத்தால். எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லு."

ஊளையன் தூரத்துல நரி ஊளையிட்டதைக் கேட்டு அப்படியே திருப்பி ஊளையிட்டான். "வாயை மூடு"ன்னாரு. மூடிக்கிட்டான். சிலுப்பி மட்டையில தொங்கி ஆடினா. "ஆடாம உக்காரு"ன்னாரு. உக்காந்துட்டா. பொத்தை கீழே பாதையையே பாத்துக்கிட்டிருந்துச்சு. "அங்க என்ன பார்வை, என் முகத்தைப் பாரு"ன்னாரு. அதுவும் பாவம், பாத்துச்சு.

இப்படியே சொல்லிச் சொல்லி, மூணும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்கு வந்துடுச்சுங்க. வாத்தியாருக்குப் பெருமை தாங்கலை. "போங்க, அந்தா மோர்க்காரி சிவனம்மா வர்றா. அவகிட்டப் போய்க் காட்டுங்க"ன்னு அனுப்பிட்டாரு.

மூணும் பாதையில வரிசையா நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, "பயமுறுத்தல் மூவகைப்படும். உருவத்தால், ஓசையால்..."ன்னுச்சுங்க. அங்க நின்னுபோச்சு. மூணாவது வரலை.

சிவனம்மா மோர்ப்பானையை இறக்கி வெச்சா. "அடி என் செல்லங்களா, உபத்திரவத்தாலன்னு இருக்கும் பாரு. எங்க வீட்டுக்காரரு அந்த வகை. யாரு பெத்த பிள்ளைங்க நீங்க, காலு பின்னாடி பாக்குது? எண்ணெய் தேச்சு உருவி விடச் சொல்லு உங்கம்மாவை. இந்தா, ஆளுக்கு ஒரு வாய் மோர் குடிச்சுட்டு நிழலுக்குப் போங்க."

குடிச்சுட்டு வந்துடுச்சுங்க. மோர் மீசையோட.

சிரிக்காதே, இனிமேதான் இருக்கு. வாத்தியாருக்கு வந்துச்சே கோபம்! இடுப்புல செருகியிருந்த பிரம்பை எடுத்து வீசினாரு. அது புகைக்குள்ள போற மாதிரி இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துச்சு. திருப்பி வீசினாரு, திருப்பியும் அப்படித்தான். மூணாந்தரம் வீசினதுல அவர் முழங்கால்லயே பட்டுச்சு. அடிச்சுத் திருத்த வழியில்லைன்னதும், எல்லா வாத்தியாரும் வெச்சிருக்கிற இன்னொண்ணை எடுத்தாரு.

"நான் மக்கு, எனக்கு ஒண்ணும் வராது. சொல்லு, மூணு தரம்."

பொத்தை மெதுவா, "ஐயா, வேற என்ன வேணும்னாலும் சொல்றோம். மூணு தரம் மட்டும் வேண்டாமே"ன்னுச்சு.

"எதுத்துப் பேசறியா? உங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனா?"

மூணும் ஒண்ணை ஒண்ணு பாத்துச்சுங்க. மூணு தரம் சொல்லிடுச்சுங்க.

சாயந்திரம் பனைச்சி திரும்பி வந்தா. ஊளையன் நரிச் சத்தம் கேட்டு, "அது என்ன?"ங்கிறான். சிலுப்பி தன் தலைமயிரையே பிடிச்சுப் பாத்து, "இது யாருது?"ங்கிறா. பொத்தை பறக்க மறந்து மரத்தடியில விழுந்து கெடக்கு.

"என்னய்யா பண்ணினே எம்பிள்ளைங்களை?"

"ஒண்ணும் பண்ணலையே. நான் மக்குன்னு மூணு தரம் சொல்லச் சொன்னேன். வழக்கமாப் பண்றதுதான்."

பனைச்சி தலையில அடிச்சுக்கிட்டா. "அட பாவி! பேயி தன்னைப் பத்தி எதையாவது மூணு தரம் சொல்லிட்டா அது அப்படியே ஆயிடும்யா. அது சத்தியம். அதனாலதான் நாங்க எதையும் ரெண்டு தரத்தோட நிறுத்திக்குவோம்."

"அது எனக்கென்ன தெரியும்? எங்க ஊர்ப் பிள்ளைங்க எல்லாரும் சொல்லியிருக்காங்களே."

"சொல்லி, என்ன ஆனாங்க?"

வாத்தியாரு யோசிச்சாரு. ரொம்ப நேரம் யோசிச்சாரு. "மக்காத்தான் போனாங்க"ன்னாரு.

"அப்ப உங்க ஊர்லயும் இதே கணக்குத்தானேய்யா!"

வாத்தியாரு குடுமியை அவுத்துத் திருப்பி முடிஞ்சுக்கிட்டாரு.

பனைச்சி வாயைத் தொறந்தா. ஒவ்வொரு பல்லும் அம்மிக்குழவி பருமன். "உன்னைத் தின்னா எம்பசி தீரும், எம்பிள்ளைங்க தேறாது. வழி ஒண்ணு இருக்கு. சொல்ல வெச்சவனே அந்த வார்த்தையை மூணு தரம் சொல்லித் தன் தலையில வாங்கிக்கணும். பேய் முன்னாடி சொன்னா மனுஷனுக்கும் பலிக்கும். வாங்கிக்கிறியா, வாய்க்குள்ள வர்றியா?"

"நான் வாத்தியாரும்மா. நான் போயி எப்படி..."

வாய் இன்னும் கொஞ்சம் தொறந்துச்சு.

"நான் மக்கு, எனக்கு ஒண்ணும் வராது"ன்னாரு, ஈனஸ்வரத்துல.

"கடைசி மட்டைக்குக் கேக்கலை"ன்னா பனைச்சி.

"நான் மக்கு, எனக்கு ஒண்ணும் வராது."

"கையைக் கட்டிக்கிட்டுச் சொல்லு."

கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னாரு. அந்த மூணாந்தரம் சொல்லி முடிச்சதும் பிரம்பைப் பாத்து, "இது என்ன குச்சி, முதுகு சொறியவா?"ன்னு கேட்டாரு. ஊளையன் ஊளையிட்டான். சிலுப்பிக்குத் தலைமயிரு சிலிர்த்துச்சு. பொத்தை விர்ருன்னு மேல பறந்து வந்துடுச்சு.

பிள்ளைங்க தேறிடுச்சு, ஆனா பாடம்? விடிஞ்சா அமாவாசை. வாத்தியாருக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. பனைச்சி கையைப் பிசையறா. வாத்தியாரு பிள்ளைங்களைப் பாத்து, "நீங்க என்ன பண்ணணும்?"னு கேட்டாரு.

"பயமுறுத்தணும்."

"அப்படியா! எப்படிப் பண்ணுவீங்க? எனக்குத் தெரியாதே."

இதுவரைக்கும் அதை யாரும் அதுங்களைக் கேட்டதில்லை. ஊளையன், "எனக்குக் காதுல விழுந்தாப் போதும், வாயில வந்துடும். நீங்கதான் மூடச் சொன்னீங்க"ன்னான். சிலுப்பி, "எனக்கு உடம்பு ஆடினாத்தான் மூளை ஆடும். நீங்கதான் ஆடாதேன்னீங்க"ன்னா. பொத்தை, "நான் பாத்துக்கிட்டே இருந்தா வரும். பாதையைப் பாக்காதே, என் முகத்தைப் பாருன்னீங்க. உங்க முகத்துல என்ன இருக்கு?"ன்னுச்சு.

வாத்தியாரு முகத்தைத் தடவிப் பாத்துட்டு, "ஒண்ணுமில்லைதான்"னாரு. "பாதையில என்ன பாத்தே?"

"மோர்க்காரிக்குப் பேயின்னாப் பயமில்லை. ஓடையில பானைக்குத் தண்ணி சேத்துக்கிறா பாருங்க, அப்ப மட்டும் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாக்கறா."

"எதுக்கு?"

மக்குக்குப் புரியலை. பொத்தை சொல்லிப் பாத்துச்சு, புரியலை. சிலுப்பி மோர்க்காரி மாதிரியே இடுப்பை ஒடிச்சு, பானையைச் சாய்ச்சு, திருட்டு முழி முழிச்சு நடிச்சுக் காட்டினா, பாதி புரிஞ்சுச்சு. ஊளையன், அவகிட்ட மோர் வாங்கற பண்ணைவீட்டுப் பெரியம்மா குரல்ல, "ஏ சிவனம்மா"ன்னான். வாத்தியாரு துள்ளிக் குதிச்சு மட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "இப்பப் புரியுது, இப்பப் புரியுது!" அவருக்குப் புரியவெச்சு முடிக்கறதுக்குள்ள அதுங்களுக்கு வேலையே படிஞ்சு போச்சு.

உச்சி வெயில். ஒவ்வொரு பனையிலயும் பேய். பெரிய பனையில கொட்டாவிக் கிழவன்னு தலைப்பேய். சிவனம்மா வர்றா, ஓடையில குனியறா, பானையைச் சாய்க்கறா, நாலு பக்கமும் பாக்கறா. சிலுப்பி புதருக்குள்ள யாரோ சேலை சரசரக்க வர்ற மாதிரி ஆட்டினா. பொத்தை கையைக் காட்டுச்சு, இப்போன்னு. ஊளையன் பெரியம்மா குரல்ல, "ஏண்டி சிவனம்மா, இந்தப் பானையில மோர் எவ்வளவு, ஓடை எவ்வளவு?"ன்னான்.

அய்யோ, அவ போட்டாளே ஒரு சத்தம்! பானை ஒரு பக்கம், சும்மாடு ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஓடினவ ஊருக்குள்ள போயி, வீட்டைத் தாண்டி அடுத்த ஊர் எல்லையில நின்னுதான் மூச்சு விட்டா. மறுநாள்லேருந்து மோர் கெட்டியா வந்துச்சு, வெலைதான் ஏறிடுச்சு. கொட்டாவிக் கிழவன் சிரிச்ச சிரிப்புல பனையிலேருந்து விழுந்துட்டான். "தேறிடுச்சு, மூணும் தேறிடுச்சு!"

பனைச்சி வாத்தியாரை, இந்தத் தடவை குடுமியைப் பிடிக்காம இடுப்பைப் பிடிச்சு, பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விட்டா. "ஐயா, சத்தியம் சத்தியம்தான். அதை நான் திருப்பி வாங்க முடியாது."

"எதை?"ன்னாரு வாத்தியாரு.

மாங்காய் தின்ன வாயைத் துடைச்சுக்கிட்டுப் பிள்ளைங்க ஓடி வந்து உக்காந்து கையைக் கட்டிக்கிச்சுங்க. வாத்தியாரு பலகையைப் பாத்தாரு. நேத்து அவரே எழுதின பின்னக் கணக்கு. கிட்டப் போயிப் பாத்தாரு, தள்ளி நின்னு பாத்தாரு, தலையைச் சாய்ச்சுப் பாத்தாரு.

"இது என்னன்னு எனக்குத் தெரியலையே. யாருக்காவது தெரியுமா?"

எல்லாம் கையை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிச்சுங்க. இது அடிக்கிறதுக்கு ஏதோ புது வழின்னு நெனைச்சுக்கிச்சுங்க. அப்புறம், "உனக்கு எதுவும் வராது"ன்னு அவர் எப்பவோ ஒதுக்கி வெச்ச வெள்ளையம்மா கடைசி வரிசையிலேருந்து, "எனக்குத் தோணினபடி சொல்லலாமா ஐயா? அடையைப் பிச்சுப் பங்கு வெக்கிற மாதிரி?"ன்னா.

"சொல்லு தாயி."

அவ அடையை வட்டமாக் கையில காட்டி, பாதியாப் பிச்சு, அந்தப் பாதியை இன்னும் பாதியாப் பிச்சுச் சொல்ல ஆரம்பிச்சா. சொல்லிக்கிட்டே பாயில கொஞ்சம் நகந்து, பக்கத்துல ஒரு ஆள் உக்கார எடம் விட்டா.