ஓக்கெலே அரசரின் வாய்

நைஜீரியா விடுதலை பெற்ற புதிது. ஓக்கெலே ஊருக்கு அரசரும் சட்டசபை உறுப்பினரும் ஒரே ஆள்தான். அரசர் நாலு பேர் முன் வாய் திறப்பது வழக்கமில்லை. அவர் காதோடு சொல்வதை உரக்கச் சொல்வது சேவகன் அடிகுனின் வேலை.

"அரசே, ஓடம் மறுபடியும் கவிழ்ந்தது. நீங்க சபையில் கேட்டு வாங்கித் தர்றதாச் சொன்ன பாலம் என்ன ஆச்சு?" என்றார்கள் மீன்காரிகள்.

"சபையில் சிங்கமாக முழங்கினேன் என்று சொல். அவர்கள் நம்பாவிட்டால் உன் வேலை போச்சு!" என்று கிசுகிசுத்தார் அரசர்.

அடிகுன் குரலெடுத்தான்: "அரசர் சபையில் முழங்கினாராம்! நாலு பேர் முன் அவருக்கு வாய் நான்தானே? சபையோ அக்கரையில். நான் இந்த ஆற்றையே தாண்டியதில்லையே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அரசருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கே சபைக்குப் போய் நானே பாலம் கேட்கிறேன்," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அடிகுன் மீன்காரிகளைப் பார்த்துக் கண்ணடித்தான். "என் வேலை போச்சு. உங்க பாலம் வந்த மாதிரிதான்!"