அனுப்புநர் பெயர்

மெகருன்னிசாவிடம் வேலை கற்றுக்கொண்ட சவரிமுத்து, அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கேபிள் டிவிக்காக மாடிக்கு மாடி ஏறி வயர் இழுத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் தேய்ந்துபோன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது சொல்லிக் கொடுங்கள் என்று வந்து நின்றார். மெகருன்னிசா அவரை 'அண்ணே' என்று கூப்பிடுவார். அவர் மெகருன்னிசாவை 'டீச்சர்' என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்குமே குழப்பம் இருந்ததில்லை.

திருச்சி பாலக்கரையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் அவர்களுடைய அறை. ஊரில் இருக்கிற சில பள்ளிக்கூடங்கள், சின்ன ஆஸ்பத்திரிகள், கடைகள், வீடுகளுக்கு வரும் மெயில் எல்லாம் முதலில் இந்த அறையில் இருக்கும் சர்வருக்கு வரும். குப்பை மெயிலைச் சலித்து ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் உரியவருக்கு அனுப்புவார்கள். சலிக்கிற அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் சல்லடை.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடத்திலிருந்து குப்பை வந்துகொண்டே இருந்தால், அந்த இடத்துக்குக் கதவை ஒரேயடியாக அடைத்துவிடலாம். ஆனால் அடைப்பதற்கு முன் ஒரு போன் செய்ய வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பவர் யாரோ, அவரிடம் தன் பெயரையும் ஊரையும் சொல்லி, எதற்காக அடைக்கப் போகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"திருடன்கிட்ட சொல்லிட்டா டீச்சர் கதவைப் பூட்டுவாங்க?" என்று சேர்ந்த புதிதில் சவரிமுத்து கேட்டிருக்கிறார்.

"திருடன்தானான்னு வேற எப்படித் தெரியும்?" என்றார் மெகருன்னிசா.

அன்று காலை மெகருன்னிசா படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டபோது, சவரிமுத்து ஏற்கனவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். முகம்கூடக் கழுவவில்லை. வலது கையின் சுண்டுவிரல் என்டர் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை. எடுக்கவும் இல்லை.

"டீச்சர், தடுத்துடாதீங்க."

"எதை?"

"பிலோமிக்குப் பொடி வித்தானே, அந்த மெயில் எந்த சர்வர்லேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன். இதைத் தட்டினாப் போதும். அந்த சர்வர் மேல மெயிலாக் கொட்டும். மூச்சு முட்டி விழுந்துரும். அவளுக்கு முட்டுற மாதிரியே."

பிலோமி அவருடைய மனைவி. சிறுநீரகக் கோளாறுக்காக நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டு வந்தவள். 'இனி மாத்திரையே வேண்டாம், இந்த வேர்ப்பொடி போதும்' என்று அவளுக்கு ஒரு மெயில் வந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரின் படமும் அதில் இருந்தது. கணவரிடம் சொல்லாமல் பொடியை வரவழைத்தாள். மாத்திரையை நிறுத்தினாள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில், டயாலிசிஸ் வார்டில், முகமும் காலும் வீங்கிக் கிடக்கிறாள். பிழைப்பாள் என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

மெகருன்னிசா கைப்பையை மேசைமேல் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"காலையில கண்ணைத் திறந்தா. என்னைப் பார்த்துட்டு மறுபடி மூடிக்கிட்டா. வெட்கம்."

சவரிமுத்து திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அவன் நம்ம வீட்டுல கொட்டின குப்பையை அவன் வாசல்லயே திருப்பிக் கொட்டினா என்ன தப்பு?"

"போன் பண்ணிட்டீங்களா?"

"போன் பண்றது கதவை அடைக்கத்தானே? நான் அடைக்கப் போறதில்ல. உடைக்கப் போறேன்."

"அப்ப ரெண்டு போனாப் பண்ணணும்."

வேறொரு நாளாக இருந்தால் சவரிமுத்து சிரித்திருப்பார். இன்று பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் ரிசீவரை எடுத்தார். அந்த சர்வருக்குப் பொறுப்பு என்று பதிவில் ஒரு பெயரும் எண்ணும் இருந்தன. பொன்னரசு, கரூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மெகருன்னிசா கையை நீட்டி ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினார்.

"சொல்லுங்க!" குரல் உற்சாகமாக வந்தது. பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"பொன்னரசுங்களா?"

"ஆமா. நீங்க?"

சவரிமுத்துவுக்குப் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. பெயரைச் சொல்லிவிட்டு எப்படி உடைப்பது?

"நான் யாருங்கிறது எதுக்கு? கிட்னிப் பொடி மெயில் அனுப்புறது நீங்கதானா?"

"அட, அதைப் பார்த்துட்டுத்தான் வர்றீங்களா! நல்லாப் போகுது சார் அது. பேரெல்லாம் சொல்ல வேண்டாம், நம்மகிட்ட வர்ற யாரும் சொல்றதில்ல. நீங்க விக்கிறது என்ன சரக்கு? பொடியா, எண்ணெயா?"

சவரிமுத்து ரிசீவரைக் காதிலிருந்து விலக்கிப் பார்த்தார்.

"என்ன சார், சத்தத்தையே காணோம்? ஓ... அந்த வேலையா? யாரையாச்சும் முடக்கணுமா? கூச்சப்படாம சொல்லுங்க, அதுவும் பண்றோம். அட்ரஸை மட்டும் குடுங்க. மெயிலாக் கொட்டி ஒரு நாள் பூராப் படுக்க வச்சுரலாம். யார் பண்ணாங்கன்னே தெரியாது. அனுப்புநர் பேருக்கு நாங்களே எதையாச்சும் ஒண்ணைப் போட்டுக்குவோம்."

சவரிமுத்துவின் கண் தன் திரைக்குப் போனது. அவர் எழுதி வைத்திருந்த நிரலில் 'அனுப்புநர்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே ஒரு பெயர் இருந்தது. விடியற்காலையில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவரே யோசித்து வைத்த பெயர். அப்படி ஓர் ஆள் உலகத்தில் கிடையாது.

அவருக்கு முகம் சுட்டது. "முடக்க வேண்டியது உன்னைத்தான்டா! இப்பக் கொட்டப் போறேன், உன் தலையில!" என்று கத்தினார்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. கோபமே இல்லாத சிரிப்பு.

"வாங்க, வாங்க. வரிசையில நில்லுங்க. போன மாசம்கூட ஒரு புண்ணியவான் வந்து கொட்டினாரு. நான் நோகாம வேற சர்வருக்கு மாறிட்டேன். அதே சர்வர்ல வாடகைக்கு இருந்த ஒரு பள்ளிக்கூடம்தான் பாவம், மெயில் இல்லாம அல்லாடுச்சு. நீங்க கொட்டுங்க சார், நல்லாக் கொட்டுங்க." போனை வைத்துவிட்டான்.

சவரிமுத்து திரும்பினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கேட்டீங்கல்ல? அவனேதான். வாயாலயே ஒத்துக்கிட்டான். இனிமே ஆள் மாறிப்போச்சுன்னு சொல்ல முடியாது. தட்டலாமா?"

"இந்த சர்வர்லயும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தா?"

"ஞாயித்துக்கிழமை தட்டறேன். பள்ளிக்கூடம் லீவு."

"அன்னிக்கு அந்த சர்வர்ல வேற யார் வேலை பார்ப்பாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

மெகருன்னிசா தலையாட்டினார். சவரிமுத்து ஸ்டூலின் பக்கமாக நாற்காலியை நகர்த்தினார்.

"சரி, சட்டம் என்ன சொல்லுது?"

"அடுத்தவன் சர்வரை முடக்குறது குத்தம்னு சொல்லுது. அந்த அடுத்தவன் யோக்கியனா இருக்கணும்னு சொல்லலை."

"சட்டம் கிடக்குது. உங்க கூடப்பிறந்த அக்கா அங்க அப்படிக் கிடந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? அதைச் சொல்லுங்க."

மெகருன்னிசா மடியில் வைத்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டத்தான் கை போகும்" என்றார்.

"அப்புறம் என்ன?"

மெகருன்னிசா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். சவரிமுத்து பதறிப்போய் அதன் மறுமுனையைப் பிடித்தார். "தடுக்க மாட்டேன்" என்றார் மெகருன்னிசா. அம்புக்குறியை 'அனுப்புநர்' வரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பெயரை எழுத்து எழுத்தாக அழித்தார். கீபோர்டைத் திரும்பத் தள்ளிவைத்தார்.

"உங்க பேரைப் போடுங்க. போட்டுட்டுத் தட்டுங்க."

"என் பேரைப் போட்டா போலீஸ் இங்க வரும்."

"வரும்."

"என்னைக் கூட்டிட்டுப் போயிட்டா பிலோமிகிட்ட யார் இருக்கிறது?"

வெற்றிடத்தில் அந்தச் சின்னக் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. சவரிமுத்து தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். அதையும் அழித்தார்.

"அண்ணே, அந்த மெயில் நம்ம சல்லடையைத் தாண்டி எப்படிப் போச்சு?"

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பிலோமி ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து சவரிமுத்து பயந்துகொண்டிருந்தார்.

அவர் வீட்டு மெயிலும் இந்த அறை வழியாகத்தான் போகிறது. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஒருமுறை அனுப்பிய மெயிலைச் சல்லடை குப்பை என்று நினைத்து ஒதுக்கிவிட்டது. மகளிடமிருந்து ஒன்றும் வரவில்லையே என்று பிலோமி சாப்பிடாமல் அழுதாள். மறுநாள் சவரிமுத்து சல்லடையில் ஒரு விதியைச் சேர்த்தார். இந்த வீட்டுக்கு வருவதை மட்டும் சலிக்காதே. சல்லடையைத் தன் கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். ஊரில் மற்ற எல்லார் வீட்டு வாசலிலும் அந்தப் பொடி மெயில் தடுக்கப்பட்டது. அவர் வீட்டுக்குள் மட்டும் நேராகப் போனது.

"நான்தான் விட்டேன்" என்றார். குரல் தேய்ந்திருந்தது. "புகார் குடுத்தா முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஊரான் வீட்டுக் குப்பையைச் சலிக்கிறவன், உன் வீட்டுல எப்படிய்யா விட்டேன்னு. அதான் குடுக்கலை."

மெகருன்னிசா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அதே எண். சவரிமுத்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

"என்ன சார்! கொட்டறேன்னீங்க, ஒண்ணையும் காணோம்? சர்வர் ஜம்முனு ஓடுது. வாய்ச்சொல் வீரர்தானா? நிரல் எழுதத் தெரியலேன்னா சொல்லுங்க, ஆள் அனுப்பி வைக்கிறேன்."

சுண்டுவிரல் தானாக என்டரைத் தேடிப் போனது. 'அனுப்புநர்' வரி காலியாகவே இருந்தது. அப்படியே தட்டினாலும் நிரல் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். பழைய கேபிள்காரரான அவர் அவ்வளவு நன்றாக அதை எழுதியிருந்தார். அவர் மெகருன்னிசாவைப் பார்த்தார். மெகருன்னிசா அவரையும் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"ஹலோ? இருக்கீங்களா, ஓடிட்டீங்களா?"

"என் பேரு சவரிமுத்து."

"யாரு?"

"சவரிமுத்து. திருச்சி, பாலக்கரை. இங்க மெயில் சலிக்கிற வேலை பார்க்கிறேன். உங்க மெயிலைப் பார்த்துப் பொடி வாங்கிச் சாப்பிட்டது என் சம்சாரம், பேரு பிலோமினா. இப்பப் பெரிய ஆஸ்பத்திரியில, டயாலிசிஸ் வார்டுல இருக்கா." அவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "அந்த மெயிலைத் தடுக்காம வீட்டுக்குள்ள விட்டது நான். இன்னிக்கு சைபர் கிரைம்ல புகார் குடுக்கப் போறேன். அதுல உங்க பேரும் இருக்கும், என் பேரும் இருக்கும். முன்கூட்டியே சொல்லிடுறது எங்க வழக்கம். சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றிருந்தது. யாரோ ஒரு பெண் "யாருங்க போன்ல?" என்று கேட்பது கேட்டது. அவளுக்குப் பதில் வரவில்லை.

"யோவ்... என்னய்யா இது, பேரு, வார்டுன்னுக்கிட்டு..." பொன்னரசின் குரல் தணிந்திருந்தது. "பொடி நான் விக்கலைய்யா. அனுப்பச் சொன்னாங்க, அனுப்பினேன். அந்தம்மாவுக்கு..." அதை அவன் முடிக்கவில்லை. இணைப்பு அறுந்தது.

சவரிமுத்து ரிசீவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசரமாக அதே எண்ணைத் திரும்பப் போட்டார். போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது. மறுபடி போட்டார். அதே குரல்.

"டீச்சர்!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கெடுத்துட்டேனே! நானே உஷார்படுத்திட்டேன். இந்நேரம் எல்லாத்தையும் அழிச்சுக்கிட்டிருப்பான்."

"அந்த மெயிலும், அது வந்த வழியும் நம்ம சர்வர்ல இருக்கு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே நகல் எடுத்து வச்சுட்டேன்."

அன்றைக்கே என்றால் அன்றைக்கே டீச்சருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று சவரிமுத்துவுக்குப் புரிந்தது. ஆனாலும் மனம் அடங்கவில்லை.

"நகல் இருந்து என்ன? ஆள் இருக்கணும்ல? ஓடிருவானே, டீச்சர்! பயந்து ஓடிருவானே!"

மெகருன்னிசா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். புகார் கொடுக்கப் போகும்போது துணைக்குப் போக அவர் தயாராகிவிட்டிருந்தார்.

"கொட்டப் போறேன்னு நீங்க கத்தினப்ப, உக்காந்த இடத்துலயே இருந்து சிரிச்சான், அண்ணே. பேரைச் சொன்ன பிறகுதான் பயந்தான்."