கரட்டுமலையில் பறந்த சிவப்புக் கொடி

சூடம் அணைத்துச் சத்தியம், இதில் ஒரு சொல்கூடக் கலப்படம் கிடையாது. பொய்யென்று நிரூபிப்பவருக்குப் பாதி மீசையை எடுத்துக் கொடுக்கத் தயார். மீதிப் பாதி வீட்டுக்காரிக்கு வேண்டும்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டைச் சீமையைச் செண்டலங்கார பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மதியம் ஒரு புத்தி. இன்றைக்குக் கத்தரிக்காய்க்குத் தடை போடுவார். நாளைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் எங்கேயடா என்று சமையற்காரனை உலுக்குவார்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மாதத்தில் ஒருநாள் உச்சிவேளையில் பிரதான மந்திரி கோட்டைக் கொத்தளத்தில் ஏறி நிற்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில், நெடுந்தூரத்தில், கரட்டுமலை. அதன் உச்சியில் ஒரு சேவகன் கொடி பிடித்து நிற்பான். கொடி என்ன நிறம் என்று மந்திரி சொல்ல வேண்டும். தவறினால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எதிரி வருவதை மந்திரி கண்தான் முதலில் பார்க்க வேண்டுமென்று ராஜாவின் பாட்டனார் வைத்த சட்டம் அது.

மந்திரி திருமலைக்கொழுந்துக்கு அந்த வருஷம் கண்ணில் புரை விழுந்திருந்தது. எதிரே வருவது மாமனாரா மாட்டுவண்டியா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். மோதிரம் போவதில் அவருக்கு வருத்தமில்லை. அது அந்தப் பதவிக்குக் காத்துக் கிடந்த அதிகாரி வீரபத்திரக் காங்கேயன் விரலுக்குப் போகுமே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

முந்தின நாள்தான் அக்கரைச் சனங்கள் சிலர் வாழைமரத் தெப்பத்தில், பாதி ஆற்றைக் குடித்துக்கொண்டு, அவரிடம் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"சாமி, ஐப்பசி வெள்ளத்தில் போன பாலம் போனதுதான். அப்புறம் ஒரு கல்கூட வைக்கவில்லை. வெயில் காலத்தில் மணலில் நடந்து வந்தோம். இப்போது புதுத்தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் மருத்துவச்சி வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? வந்த தெப்பத்தையும் ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது."

மந்திரி திகைத்துப்போனார். பாலவேலை காங்கேயன் பொறுப்பு. சித்திரையிலேயே முடிந்துவிட்டது என்று ராஜாவிடம் சொல்லிப் பொன்னாடைகூட வாங்கியிருந்தார். நாளைக்கு மோதிரமும் அவர் கைக்குப் போனால் அந்தப் பாலம் என்றைக்கும் வராது.

மறுநாள் கொத்தளப் படியிலேயே காங்கேயன் ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவரே, பார்த்து ஏறும். படியில் பூனை படுத்திருக்கிறது."

"பூனைக்குக் கண் தெரியுமே, அதுவே விலகிக்கொள்ளும்" என்றார் மந்திரி.

கொத்தளத்து உச்சியில் நின்று பார்த்தால் மந்திரிக்கு உலகமே மோர் ஊற்றியதுபோல இருந்தது.

"காங்கேயனுக்குப் பருந்துக் கண் என்று ஊரே பேசுகிறது. முதலில் அவர் சொல்லட்டும் மகாராஜா, பிறகு நான் சொல்கிறேன்."

கொடி கொடுத்து ஆளை அனுப்பியதே காங்கேயன்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இதோ பளிச்சென்று தெரிகிறது. சிவப்பு. பிடித்திருப்பவன் மீசையை முறுக்குகிறான். வலது காதில் கடுக்கன்."

ராஜா கண்ணை இடுக்கினார். "ஆமாம், சிவப்புதான். நல்ல சிவப்பு." உடனே சபை முழுக்கச் சிவப்பு, சிவப்பு என்றது.

"ஆள் எந்த வழியாகப் போனான்?" என்று மந்திரி கேட்டார்.

"பாலத்து வழியாகத்தான். பறந்தா போவான்?"

அந்தக் குரலில் துளி தடுமாற்றமில்லை. பாலம் இல்லையென்பது இவருக்கே தெரியாது என்று மந்திரிக்குப் புரிந்துவிட்டது.

"மகாராஜா, மலையில் ஆளும் இல்லை, கொடியும் இல்லை."

ராஜாவின் முகம் சுருங்கியது. "அப்படியானால் நாம் பார்த்த சிவப்பு?"

"அது செங்காந்தள் பூ மகாராஜா. இத்தனை தூரத்தில் அதைப் பார்க்க ராஜக் கண் வேண்டும்."

"அதேதான். பூ என்றுதான் நாமும் நினைத்தோம்."

"பூவுக்குக் கடுக்கன் மாட்டிப் பார்த்தவர் காங்கேயன்."

"குதிரைவீரனை அனுப்புங்கள்" என்று காங்கேயன் கொதித்தார். "பெரியவர் சொன்னது மெய்யானால் எந்தத் தண்டனையும் ஏற்கிறேன்."

போன குதிரை சீக்கிரமே திரும்பியது. வீரனுக்குப் பின்னால் கொடிச்சேவகன் உட்கார்ந்திருந்தான். கொடியைத் தலையில் முண்டாசு கட்டியிருந்தான்.

"பாலத்தைக் காணோம் மகாராஜா. ஆறு வடியட்டும் என்று இக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் தாங்கவில்லை, அதனால்தான் இந்த முண்டாசு."

ராஜா திரும்பினார். "காங்கேயரே, பொன்னாடை வாங்கினீரே?"

"வேலையை மைத்துனனிடம் விட்டிருந்தேன், முடிந்துவிட்டது என்று சொன்னான்..."

"இந்தப் பருந்துக் கண்ணை எடுத்துக்கொண்டு ஒருநாள் போய்ப் பார்க்கவில்லையா?"

காங்கேயன் மெல்ல ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"மந்திரியாரே, உமக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?"

திருமலைக்கொழுந்து மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "எனக்கு மலையே தெரியவில்லை மகாராஜா, புரை. அக்கரைச் சனங்கள் வந்து சொன்னதால் பாலம் இல்லாத ஆறு தெரிந்தது. ஆறு தெரிந்தால் ஆள் போயிருக்க முடியாதென்பதும் தெரியும். சட்டப்படி மோதிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி கால் நனையாமல் இக்கரைக்கு வருகிற காட்சி என் கண்ணிலேயே நிற்கிறது. அதில் மட்டும் புரை விழவில்லை. அதற்கு அந்தப் பாலத்தைக் கட்டிக்கொடுங்கள்."

ராஜா மோதிரத்தை எடுத்து அவர் விரலிலேயே திரும்பப் போட்டார்.

"இனிமேல் கொடிச் சோதனை கிடையாது. மந்திரியாக ஆசைப்படுகிறவர் கரட்டுமலை வரைக்கும் நடந்து போய், வழியில் எது உடைந்து கிடக்கிறது என்று வந்து சொல்ல வேண்டும். காங்கேயரே, பாலம் எழும்பும்வரை ஆற்றில் பரிசல் தள்ள வேண்டியது நீர். அக்கரையில் யார் கைகாட்டினாலும் உமக்குத் தெரியுமே."

முதல் நாளே காங்கேயன் பரிசலோடு ஏழு சுற்றுச் சுற்றி, தலை கிறுகிறுத்து, ஏறிய கரையிலேயே இறங்கினார். அப்புறம் பாலவேலை நடந்த வேகம் இருக்கிறதே, அந்த மைத்துனன் ராத்திரி பகல் பாராமல் கல் சுமந்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் பாலம் எழும்பியது. அதில் முதலில் வந்தது நிறைமாதக்காரி ஒருத்தி. காங்கேயன்தான் குடை பிடித்து வந்தார்.

கொடிச் சோதனை நடந்த அன்று, சபை கலைந்ததும் ராஜா மந்திரியின் காதருகே குனிந்தார்.

"ஓய், பட்டம் கட்டின நாளிலிருந்து நமக்கும் அந்த மலை தெரிந்ததில்லை. அது எந்தப் பக்கம் ஐயா இருக்கிறது?"

"மகாராஜா இப்போது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற பக்கம்" என்றார் மந்திரி.

ராஜரகசியம் இது. வெளியே கசிந்தால் தலை போகும். யார் சொன்னது என்று எவராவது கேட்டால், காற்றுவாக்கில் காதில் விழுந்தது என்று மட்டும் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.