ஏழு முடிச்சிட்ட அபயாம்பாள் அம்மையார்

காவிரியின் கிளை வாய்க்காலொன்று பாயும் மேலக்கரைப்பாடியில், துணைவந்தநாதர் எழுந்தருளியிருக்கும் சிறு கோயிலுக்கு நேரெதிரே அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அதன் வகுப்பறைகளைப் பெருக்கிக் கழிப்பறைகளைக் கழுவும் பணியைப் பத்தொன்பது ஆண்டுகள் செய்தவர் அபயாம்பாள் அம்மையார். விடியற்காலையில் கோயில் பிராகாரத்தைக் கூட்டி, நாதர் திருமுன் ஒரு செம்பு நீர் வைத்து வணங்குவார். பிறகு வேறொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து கல்லூரிக்குள் நுழைவார். துடைப்பந்தான் வேறு, தொண்டு ஒன்றே என்பது அவர் துணிபு.

அம்மையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் கல்லூரியில் யார் வருகிறார், யார் நின்றுவிட்டார் என்பதை அவரைப்போல் அறிந்தவர் அங்கு எவருமில்லை. ஒரு பலகையில் மூன்று நாள் தூசு கலையாதிருந்தால், அங்கே அமர்பவள் நின்றுவிட்டாள் என்று பொருள். அன்றே தம் முந்தானையில் ஒரு முடிச்சிடுவார். மாலையில் அவள் வீட்டைத் தேடி நடப்பார். அவள் திரும்பி வந்து அமரும் நாளில் நாதரை நினைந்து முடிச்சை அவிழ்ப்பார்.

கல்லூரி அலுவலகத்தின் வழக்கமோ வேறு. சென்னைக்கு அனுப்பும் அறிக்கையில் இடைநின்ற மாணவி ஒருத்தியும் இல்லை. தேர்வு நெருங்கும்போது மட்டும், அதே அலுவலகம் அதே பெண்களுக்கு வருகை போதாது என்று அறிவிப்பு ஒட்டும். ஒரே கை இரண்டையும் எழுதியது. அக்கை ஒருமுறையேனும் கூசியதில்லை.

ஓராண்டு ஆடி மாதத்தில் அம்மையாரின் முந்தானையில் ஏழு முடிச்சுகள் விழுந்தன. எழுவரும் இரண்டாம் ஆண்டு மாணவியர். எழுவரும் வடகரைப் பேருந்தில் வருபவர். அவர்களுள் கார்குழலி என்பவளின் வீட்டுக்கு அம்மையார் சென்றார்.

"வரமாட்டேன்னா சொல்றேன், ஆயாம்மா? எட்டே கால் பஸ்ஸ ஒம்பதே முக்காலுக்கு மாத்திட்டாங்க. நான் வந்து எறங்குறதுக்குள்ள காலேஜ் கேட்டப் பூட்டிடுறாங்க. செருப்புக் கம்பெனி வேன் மட்டும் விடிஞ்சும் விடியாம வாசல்ல வந்து ஹாரன் அடிக்குது. அம்மா அதுல ஏறிப் போங்குது."

வரும் திங்கட்கிழமைக்குள் வகுப்புக்கு வாராவிடில் எழுவரும் பருவத்தேர்வு எழுத இயலாது. தேர்வு போனால் படிப்புப் போயிற்று; வேன் அவர்களை நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளும். கார்குழலி ஒரு தாளில் விண்ணப்பம் எழுதினாள். எழுவரும் கையெழுத்திட்டனர். அத்தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மையார் புறப்பட்டார்.

பேருந்துப் பணிமனையில், கல்லூரி கேட்டால்தான் நேரத்தை மாற்ற முடியும் என்றனர். முதல்வரோ, மேலிடம் சொன்னால்தான் கேட்க முடியும் என்றார். தலைமை எழுத்தர் அம்மையாரின் முந்தானையைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன ஆயாம்மா, புளியங்கொட்டையா முடிஞ்சி வச்சிருக்கீங்க?"

"புள்ளைங்கய்யா," என்றார் அம்மையார்.

"அப்ப எறக்கி வச்சிட்டுக் கக்கூஸக் கழுவுங்க. வெள்ளிக்கெழம மேலெடத்துலேருந்து ஆளுங்க வர்றாங்க."

அந்த ஆள்கள் யாரெனில், மாநிலமெங்கும் பெண்களைக் கல்லூரியில் சேர்த்துப் படிப்பை முடிக்கச் செய்யவென்று அமைந்த பல்துறைக் கூட்டமைப்பினர். அதன் பெயரை எழுத ஒரு பதாகை போதாமல் இரண்டை ஒட்டியிருந்தனர். உயர்கல்வித் துறையார், போக்குவரத்துத் துறையார், அறக்கட்டளையார், பெண்களை விடியுமுன் அள்ளிச்செல்லும் அதே செருப்பு நிறுவனத்தார் ஆகிய அனைவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். பந்திக்கு இடம் வேண்டி, வகுப்பறைப் பலகைகள் வெயிலில் தூக்கியெறியப்பட்டன. அந்த எழுவரின் பலகைகளும் அவற்றுள் கிடந்தன.

அங்கு நடந்ததை எழுதவே கை அருவருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் கைப்பேசியைத் தடவினார். பாதி கடித்த முந்திரிப் பிஸ்கட்டைத் தேநீரில் போட்டுக் கோப்பையை நாற்காலிக்கடியில் தள்ளினார் ஒருவர். வாய் வைத்துக் கீழே வைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் தரையெங்கும் உருண்டன. 'ஒருங்கிணைப்பு' என்ற சொல்லை ஏப்பத்தோடு சேர்த்தே உச்சரித்தனர். கூட்டமைப்பின் தலைவர் வரவேயில்லை. ஆனால் அவர் தலைமை தாங்கினார் என்று நடவடிக்கைக் குறிப்பு முன்னதாகவே அச்சாகியிருந்தது. காலியான அவரது நாற்காலிக்கு முன்னால் ஓர் இளநீர் மட்டும் வீற்றிருந்தது.

அம்மையார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். தனித்தனியே கேட்டால் ஒருவரையொருவர் கைகாட்டுபவர் யாவரும் இன்று ஒரு கையெட்டும் தூரத்தில் இருக்கின்றனர். இது நாதர் கூட்டிவைத்த கூட்டம் என்று தெளிந்து, தாளை ஏந்தி மேசையை வலம்வரத் தொடங்கினார்.

"ஐயா, இது வடகர பஸ்ஸுக்கான கடுதாசிங்கய்யா. ஏழு புள்ளைங்க எழுதுனது," என்று ஒவ்வொருவரிடமும் தெளிவாகவே சொன்னார்.

"சரி சரி, எங்க போடணும்?" என்றார் போக்குவரத்து அதிகாரி, தலையை நிமிர்த்தாமல். இத்தகைய கூட்டங்களில் சுற்றிவரும் தாள் எதுவாயினும் அது வருகைத் தாளே என்பது அவர்களது உறுதியான நம்பிக்கை. கல்வித் துறையார் போட்டார். செருப்பு நிறுவனத்தாரும் தங்கப் பேனாவால் போட்டார். ஒருவர்கூடப் படிக்கவில்லை.

தலைவரின் நாற்காலியை அடைந்தபோது, அதில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நெற்றியில் கலைந்த திருநீறு, தைத்துப்போட்ட வெள்ளைச் சட்டை, மடியில் பழங்குடை. அவரை யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு துறையாரும் அவரை இன்னொரு துறையார் என்று கருதினர்.

அவர் தாளை வாங்கினார். முதல் எழுத்திலிருந்து கடைசிக் கையெழுத்துவரை படித்தார்.

"ஏழு பேரா?"

"ஆமாஞ் சாமி."

"முந்தானையக் காட்டு, தாயி." அம்மையார் தயங்கிக் காட்டினார். முதியவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இத்தன பேரு உக்காந்திருக்க, நீ ஒருத்தியாச் சொமந்துருக்க. எங்கிட்ட விட்டுடு."

தலைவருக்கென்று எல்லாரும் மேலே விட்டிருந்த இடத்தில் அவர் கையெழுத்திட்டார். தேநீர் கொண்டுவர அம்மையார் திரும்பியபோது நாற்காலி காலியாயிருந்தது. இளநீர் தொடப்படாமல் இருந்தது. முந்தானையில் ஒரு முடிச்சும் இல்லை.

அன்று மாலையே அம்மையார் தாளைப் பணிமனைக்குக் கொண்டுசென்றார். தலைவரின் இடத்தில் கையெழுத்தைக் கண்டு நடுங்கிய மேலாளர் சென்னைக்குத் தொலைபேசியில் கேட்டார். நான் அங்கு வரவேயில்லை என்று தலைவரால் சொல்ல முடியவில்லை. அவர் தலைமை தாங்கிய செய்தி ஏற்கெனவே நாளிதழ்களுக்குப் போயிருந்தது. "நான் போட்டதுதான்யா. வண்டிய விடு," என்று எரிந்துவிழுந்தார்.

மறுநாள் விடியலில் கோயிலிலிருந்து குருக்கள் கூவினார். "அபயாம்பா, ஓடி வா! ராத்திரி நான் சாத்திட்டுப் போன வஸ்திரத்துல யாரு இப்படி முடிச்சு போட்டது?"

நாதரின் வெண்பட்டு ஓரத்தில் ஏழு முடிச்சுகள் இருந்தன. அம்மையார் வாய்பொத்தி நின்றார். கண்ணீர் பெருகியது.

திங்கட்கிழமை எட்டே காலுக்குப் பேருந்து வந்தது. கார்குழலியும் மற்ற அறுவரும், அம்மையார் வெயிலிலிருந்து சுமந்துவந்து துடைத்து வைத்திருந்த பலகைகளில் அமர்ந்தனர். அவர் கோயிலுக்கு ஓடிச்சென்று பார்த்தார். பட்டின் முடிச்சுகள் அவிழவில்லை. குருக்கள் முயன்றும் அவை நெகிழவில்லை. அவரே பட்டை மடித்து நாதர் திருவடியில் வைத்தார்.

கூட்டமைப்பார் பின்னும் நான்குமுறை கூடி உண்டனர். பேருந்து வந்ததைத் தம் சாதனையென்று வண்ணப்படத்துடன் அச்சிட்டனர். அப்படத்தில் துடைப்பம் தெரிகிறதென்று ஓரத்தை வெட்டினர். அவர்களைப் பற்றி இதற்குமேல் எழுதினால் மை வீண்.

இரண்டாண்டுகள் கழிந்து, எழுவரும் பட்டம் பெற்றனர் என்ற முடிவு வெளியான காலையில், திருவடியிலிருந்த பட்டில் ஒரு முடிச்சும் இல்லை. பெண்கள் திரும்பி வந்ததோடு அம்மையார் அவிழ்த்திருப்பார். நாதரோ அவர்கள் படித்து முடிக்கும்வரை அவிழ்க்கவில்லை.

அன்றும் அம்மையார் செம்பில் நீர் வைத்துவிட்டுத் துடைப்பத்துடன் தெருவைக் கடந்தார். தூசியில் பெயர்களைப் படித்த அந்த அம்மையாரின் புழுதி படிந்த பாதங்கள் நம் தலைமேல் இருப்பனவாக.