விடியலில் முதலில் பாடுவது யார்

பறவைகளுக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஒரு நாட்டுக் குளத்தில் நடப்பது மற்ற நாட்டுக் குளங்களிலும் அப்படியே தெரியும். அதைப் பார்த்துத்தான் ஆந்தைக்கு ஆசை வந்தது.

"எல்லா நாடும் சேர்ந்து பாட்டுப் போட்டி வைப்போம். ஜெயிக்கிறவர் விடியல்ல தனியாப் பாடட்டும். மத்தவங்க அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும்" என்றது.

மாந்தோப்பு நாட்டுக் குயிலுக்கு வேறென்ன வேண்டும்? காக்கைக் கூச்சலில் தன் பாட்டு ஒருநாளும் எடுபடவில்லை என்று அதற்கு நெஞ்சு நிறைய ஆதங்கம்.

பாட்டுக்கு ஒரு பானை. நாட்டுக்கு இரண்டு நடுவர்கள். பிடித்த பாட்டின் பானையில் யாருக்கும் தெரியாமல் கூழாங்கல் போட வேண்டும். சொந்த நாட்டுக்குப் போடக் கூடாது என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்கிடையில் காயல் நாட்டு நடுவர்களான கூழைக்கடாக்கள் புயலில் பறந்து வர முடியாமல், "எங்க கல்லையும் நீங்களே போட்டுடுங்க" என்று மாந்தோப்பு நடுவர்களான மைனாக்களுக்குச் சொல்லி அனுப்பின. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

குயில் உருகி உருகிப் பாடியது. குளங்களைச் சுற்றி மொய்த்த கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஆந்தை பானைகளுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "குயில் ஜெயிச்சாச்சு" என்றது.

"எத்தனை கல்லு?" என்று கேட்டது மரங்கொத்தி.

"ரகசியமாச்சே! ஆத்துல கொட்டிட்டேன்."

"சரி, ரெண்டாவது யாரு?"

"அதைப் பார்க்கலையே" என்று ஆந்தை திருதிருவென விழித்தது.

குயில் மைனாக்களைத் தனியே அழைத்தது. "அண்ணே, நான் பாட்டால ஜெயிச்சேனா, உங்க கல்லால ஜெயிச்சேனா?"

"நாலு கல்லும் உனக்குத்தான் போட்டோம், தம்பி. நீ நல்லாவும் பாடினே. எதுனாலன்னு எங்களுக்கே குழப்பமா இருக்கு."

மறுநாள் விடியலில் எல்லாப் பறவைகளும் வாயை மூடிக் காத்திருந்தன. குயில் இத்தனை நாள் ஏங்கிய அமைதி அது. ஆனால் அது தனக்குரியதுதானா என்று தெரியாமல் குரல் எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, இலைகளுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது.

'இவன் பாடலையே, அப்படின்னா ஜெயிச்சது நானா இருக்குமோ?' என்று நினைத்தது போட்டியில் பாடியிருந்த காக்கை. மரங்கொத்தியும் அப்படியே நினைத்தது, கொக்கும் நினைத்தது. எல்லாம் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டன.

அன்று முதல்தான் விடியலில் பறவைகள் யாருக்கும் வழிவிடாமல் ஒன்றாகக் கத்துகின்றன. குயில் மட்டும் இலைமறைவில் இருந்தபடி, "நானா? நானா?" என்று குரலை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போய், யாராவது பதில் சொல்வார்கள் என்று சட்டென நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது.