மன்னரின் அலுவல் அறைக்கு ஒரு படம்

குமிழிக்கோட்டையை ஆண்ட பராங்குச மன்னருக்கு நடப்பதென்றால் ஆகாது. அரண்மனையிலிருந்து கொலுமண்டபம் இருநூறு அடி. அதை நினைத்தாலே அவருக்குக் கால் வலிக்கும். ஒருநாள், "இனி வீட்டிலிருந்தபடியே ஆட்சி செய்கிறேன்" என்று அறிவித்துவிட்டார்.

படுக்கையறைக்கு முன்னால் இருந்த அறையில் பட்டு மெத்தை போட்டு அலுவல் அறை ஆக்கினார்கள். வேலையைத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சுவர் மொட்டையாக இருந்தது. மொட்டைச் சுவரை வைத்துக்கொண்டு எந்த மன்னரால் வேலை செய்ய முடியும்?

என்ன படம் மாட்டுவது என்று பத்து நாள் ஆலோசனை நடந்தது. தளபதி போர்க்களம் வரையலாம் என்றார். "சாப்பிடும்போது ரத்தமா?" என்றார் மன்னர். சோதிடர் சூரியோதயம் என்றார். "என்னை எழுந்திருக்கச் சொல்வது போல இருக்கும்" என்றார் மன்னர். அரசி மயில் கேட்டாள். அது திரைச்சீலையோடு ஒத்துப்போகவில்லை.

நாட்டில் வேறு வேலையே இல்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். வேலையெல்லாம் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

அந்த வரிசையில் மேலமடை வீரக்காள் என்றொரு குடியானவப் பெண் இருந்தாள். அவள் ஊர் ஏரியின் மதகுப் பலகை உடைந்து தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. நெல் பால் பிடிக்கிற சமயம். அரசாங்கக் காட்டில் ஒரு மரம் வெட்டினால் புதுப் பலகை போட்டுவிடலாம். அதற்கு மன்னரின் முத்திரை வேண்டும். ஏரியில் இருந்ததோ இன்னும் ஐந்து நாள் தண்ணீர்.

அப்போதுதான் மந்திரி மழபாடியாருக்கு மூளை வேலை செய்தது.

"மன்னா, தாங்கள் வேலை செய்வது போலவே ஒரு படம் வரைந்து மாட்டலாமே."

"அதனால் என்ன லாபம்?"

"படம் வேலை செய்யும்போது தாங்கள் எதற்கு?"

மன்னர் மந்திரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரே இரவில் ஆளுயரப் படம் தயாரானது. கையில் எழுத்தாணி, விரலில் முத்திரை மோதிரம், நெற்றியில் நாட்டுக் கவலை. வாசலில் மெல்லிய திரையைத் தொங்கவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மன்னர் மாடாய் உழைப்பது தெரியும். உள்ளறையில் நிஜ மன்னர் குறட்டை விடுவது கேட்காது.

"மன்னர் வேலையாக இருக்கிறார், கண் தெரியவில்லையா?" என்று மந்திரி வாசலில் நின்று எல்லோரையும் விரட்டினார். வாசலில் நிற்பவனுக்குத்தான் ஊரே கும்பிடு போடும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் போயிற்று. வீரக்காள் எழுந்து போகவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அரசவை விகடர் ஏடகநாதர் அந்தப் பக்கம் வந்தார். திரை வழியாகப் பார்த்தார். மன்னரின் மூக்கில் ஒரு பல்லி ஏறியது. நெற்றியில் சற்று இளைப்பாறியது. மன்னர் அசையவே இல்லை. ஏடகநாதர் வீரக்காளிடம் குறையைக் கேட்டுக்கொண்டு நேராக மடைப்பள்ளிக்குப் போனார்.

"மன்னருக்கு எழுந்திருக்கக்கூட நேரமில்லையப்பா. இன்று இலையை அலுவல் அறையிலேயே போடு" என்றார்.

சமையற்காரர் பூவலிங்கம் சாப்பாட்டோடு வந்தார். "மகாராசா உள்ளேதானுங்களே இருக்காரு?" என்று மந்திரியிடம் கேட்டார்.

முற்றத்தில் நாற்பது பேர் மந்திரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆ... ஆமாம்" என்றார் மந்திரி.

சமையற்காரர் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனார். மன்னர் முகத்தை நேரே பார்ப்பது அந்த அரண்மனையில் பெருங்குற்றம். இலை போட்டார். கத்தரிக்காய்ப் பொரியல், மிளகுக் குழம்பு, நெய் மணக்கும் சோறு. பரிமாறிவிட்டுக் கைகட்டி ஓரமாக நின்றார்.

உள்ளறையில் மன்னருக்கு விழிப்பு வந்தது. வாசனை வந்தது. சாப்பாடு மட்டும் வரவில்லை. ஒரு நாழிகை பொறுத்தார். அதற்கு மேல் வயிறு கேட்கவில்லை. கட்டியிருந்த வேட்டியோடு பின்கதவு வழியாக வந்து இலையில் கை வைத்தார்.

சமையற்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருய்யா நீ? மகாராசா எலையில கை வைக்கிறே?"

"நான்தான் மன்னன்!"

"மகாராசா அங்க வேலை பாத்துக்கிட்டு இருக்காரே."

சத்தம் கேட்டு முற்றத்தில் இருந்தவர்கள் திரையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"அட மடையா, என் முகத்தைப் பார்!"

"இருவது வருசமா நான் மகாராசா மொகத்தைப் பாத்ததில்லையே. எனக்கு எப்படித் தெரியும்?"

"மந்திரி, நீர் சொல்லும்!"

மந்திரி மனதுக்குள் கணக்குப் போட்டார். இவர்தான் மன்னர் என்றால், மூன்று நாள் சொன்னது பொய். இல்லை என்றால் தலை போகும். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னர் மோதிரத்தைக் காட்டினார். "அவர் விரலிலும் இருக்கிறதே" என்று சுவரைக் காட்டினார் ஏடகநாதர்.

"ஏடகநாதரே, உமக்குமா என்னைத் தெரியவில்லை?"

"எனக்குத் தெரிந்தால் போதுமா? இந்த ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? சோதித்துப் பார்த்துவிடலாம். வீரக்காள் முதல் எல்லோரும் தங்கள் குறையைச் சொல்லட்டும். யார் கேட்டு முடிவு சொல்கிறாரோ அவரே மன்னர். இலையும் அவருக்கே."

வீரக்காள் படத்தைப் பார்த்தாள். பிறகு வேட்டி கட்டியவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "மதகு ஒடைஞ்சு தண்ணி போகுது மகாராசா. இன்னும் ரெண்டு நாள் தண்ணிதான் இருக்கு. ஒரு மரம் வெட்ட உத்தரவு குடுங்க. பயிரு பால் பிடிக்கிற நேரம்."

"ஒன்றென்ன, இரண்டு வெட்டிக்கொள்!" மன்னர் அவள் நீட்டிய ஓலையை வாங்கி முத்திரையைப் பதித்தார். வீரக்காள் அதை மடியில் முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் புறப்பட்டாள். மீதி முப்பத்தொன்பது பேரின் வழக்கும் முடியும் வரை சமையற்காரர் மன்னரின் கையை விடவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது. மன்னர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவியதும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"மானம் போயிற்று! மந்திரி நாளையிலிருந்து மேலமடைக்குப் போய் மதகைக் காவல் காக்கட்டும். அந்தப் படத்தைக் கழற்றி அடுப்பில் போடுங்கள்!"

"படத்தை எரிக்க வேண்டாம், அரசே" என்றார் ஏடகநாதர்.

"ஏன்?"

"மூன்று நாள் நாட்டை ஆண்டிருக்கிறது. ஒரு தப்பான உத்தரவுகூடப் போடவில்லையே."

மன்னர் முறைத்தார். உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏடகநாதர் கையில் கொடுத்துவிட்டு, இருநூறு அடி நடந்து கொலுமண்டபத்துக்குப் போனார்.